ராஜேந்திர சோழன் கப்பல் ஏன் திக்குகிறது? புது லேப்டாப் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. பணம் எப்போது வங்கிக் கணக்கில் ஏறும் என்று குடும்பமே காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பிளஸ் ஒன் படிக்கும் பையன் அப்பா பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

"அப்பா, ஒரு கேமிங் லேப்டாப் வேணும்ப்பா."

"அக்காவோட லேப்டாப்தான் இருக்கேடா?"

"அதுல படம் திக்குதுப்பா. சண்டைன்னு வந்தாலே நின்னு நின்னு போவுது."

"என்ன விலை ஆகும்?"

"ஒரு எழுபதாயிரம்..."

அப்பா பதில் சொல்லவில்லை. மனசுக்குள் மூட்டைக் கணக்கு ஓடுகிறது. 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதா ரக நெல்லுக்குக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 70,000 ரூபாய் என்றால் 28 குவிண்டால். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் சொன்னால், சரியாக 70 மூட்டை. பல வயல்களில் ஒரு ஏக்கர் முழு விளைச்சலே அவ்வளவு வராது. உரம், ஆள் கூலி, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் அதற்குள்தான்.

இப்படிப்பட்ட பேச்சு டெல்டாவில் பல வீடுகளில் நடக்கிறது. பையன் சொல்வதும் பொய்யில்லை, படம் நிஜமாகவே திக்குகிறது. ஆனால், அதற்கு மருந்து பெரும்பாலும் கடையில் இல்லை. அதே கேமின் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் இருக்கிறது. அதுவும் இலவசமாக!

நம்ம ஊர் ராஜா, கம்ப்யூட்டர் திரையில்!

பையன் விளையாட ஆசைப்படும் கேம் எது என்று பார்த்துவிடுவோம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கேம் 1999-ல் வெளிவந்தது. ஊரை உருவாக்கி, விவசாயம் செய்து, படை திரட்டிப் போருக்குப் போகும் ஆட்டம். இன்று 40 வயதைத் தாண்டிய பலர் பிரவுசிங் சென்டர்களில் ஆடிய அதே கேம்தான். அதையே புதுப்பித்து, 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற பெயரில் 2019 நவம்பரில் வெளியிட்டார்கள்.

2022 ஏப்ரல் 28-ல் இதற்கு 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் 'திராவிடர்' என்று ஒரு புதிய நாகரிகம். சுருள்வாள் வீசும் 'உருமி' வீரர்களும், 'திரிசடை' என்ற பெரிய போர்க்கப்பலும் அவர்களின் சிறப்பு. அந்த வீரர்கள் திரையில் தமிழில் பதில் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜேந்திர சோழனின் கதையைச் சொல்லும் தனி கேம்பெயினே உண்டு. பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜனின் மகன், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவன், 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தவன். தஞ்சாவூர்ப் பையனுக்கு அதை ஆட ஆசை வராமல் இருக்குமா?

சிக்கல் என்னவென்றால், நாற்பது கப்பல் கடலில் இறங்கி, கரையில் யானைப் படையும் சேர்ந்தால், அக்காவின் லேப்டாப் மூச்சு வாங்குகிறது. கப்பல் தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் கிளிக் செய்தால், வீரர்கள் ஒரு நொடி கழித்துத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

திக்குவது என்றால் என்ன?

கேமில் நாம் பார்ப்பது வீடியோ அல்ல. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் புதுசு புதுசாக வரைந்து தள்ளும் படங்கள். ஒரு படத்தை 'ஃபிரேம்' என்பார்கள். ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம் என்பதுதான் 'எஃப்.பி.எஸ்'.

தியேட்டரில் ஓடும் சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம் போதும். அங்கே நாம் சும்மா பார்க்கிறோம். கேமில் நம் கை அசைவுக்குப் படம் உடனே பதில் சொல்ல வேண்டும். அதனால் 30 என்பது சுமார், 60 என்பது சுகம். சாதாரண லேப்டாப் திரைகள் நொடிக்கு 60 முறைதான் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு மேல் வரைந்தாலும் அந்தத் திரையில் பெரிதாகத் தெரியாது.

நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அதற்குள் கடல் அலை, கப்பல், புகை, மரம், வீரர்கள் எல்லாவற்றையும் வரைந்து முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் பழைய படமே திரையில் நிற்கும். அந்த நிற்றல்தான் திக்கல்.

இன்னொரு விஷயம்: சராசரி வேகத்தைவிடச் சீரான வேகம் முக்கியம். ஒரு நொடி 60, அடுத்த நொடி 25, மறுபடி 55 என்று ஏறி இறங்கினால் கண் எரிச்சலாகும். எப்போதும் ஒரே சீராக 30 வந்தால், அதுவே நன்றாக இருக்கும்.

கல்லணைக் கணக்கு

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கம்ப்யூட்டர் வகுப்பு தேவையில்லை. கல்லணையைப் பார்த்தாலே போதும். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வருகிற தண்ணீர் இவ்வளவுதான் என்று தெரிந்தால், எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் முறை வைத்துத்தான் விடுவார்கள். எல்லா மதகையும் முழுசாகத் திறந்தால், தலைமடை செழிக்கும், கடைமடை காயும்.

லேப்டாப்பின் சக்தியும் அளவான தண்ணீர் மாதிரிதான். நிழல், அலைகளின் அசைவு, ஒளிவட்டம், விளிம்பு மென்மை என்று ஒவ்வொரு செட்டிங்கும் ஒரு மதகு. எல்லாவற்றையும் 'ஹை'யில் வைத்தால், ஆட்டத்தின் தொடக்கத்தில் நாலு குடிசை, பத்து ஆட்கள் இருக்கும்போது அழகாக ஓடும். பெரிய போர் வரும்போது காய்ந்துபோகும்.

அதனால், செட்டிங்ஸை ஆட்டத்தின் முதல் நிமிடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பதுபோல, இருப்பதிலேயே பெரிய சண்டையில் படம் சீராக வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

எல்லாத் திக்கலும் ஒரே காரணத்தால் வருவதில்லை. நான்கு வகை உண்டு.

*1. நெட் பிரச்னை:* ஆன்லைனில் ஆடும்போது மட்டும் திக்குகிறது, தனியாக ஆடும்போது நன்றாக ஓடுகிறது என்றால், அது இன்டர்நெட் தாமதம். கிராபிக்ஸைக் குறைத்துப் பலன் இல்லை. வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது கேபிள் போட்டு இணையுங்கள்.

*2. சூடு:* முதல் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடி, அப்புறம் திணறுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் சூடு. லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

*3. கிராபிக்ஸ் சுமை:* ஆரம்பத்திலிருந்தே மெதுவாக இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்ததும் சரியாகிறது என்றால், படம் வரையும் பகுதிக்குச் சுமை அதிகம். செட்டிங்ஸில் தீரும்.

*4. பிராசஸர் சுமை:* ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்.பி.எஸ் ஏறவே இல்லை, ஆட்கள் கூடும்போது மட்டும் திக்குகிறது என்றால், கணக்குப் போடும் பிராசஸர் திணறுகிறது. படத்தின் அழகைக் குறைப்பதைவிட ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

எஃப்.பி.எஸ் எவ்வளவு என்று பார்க்கத் தனி ஆப் தேவையில்லை. 'ஸ்டீம்' வழியாக கேம் வாங்கியிருந்தால், அதன் செட்டிங்ஸில் 'இன்-கேம்' பகுதியில் எஃப்.பி.எஸ் காட்டும் வசதி இருக்கிறது. விண்டோஸில் கீபோர்டின் விண்டோஸ் பட்டனையும் 'ஜி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பாரிலும் பார்க்கலாம்.

எந்த மதகை முதலில் மூடுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு அதே சண்டையை மறுபடி ஆடிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பெரிய போருக்குச் சற்று முன்பு கேமை 'சேவ்' செய்து வைத்துக்கொண்டால், திரும்பத் திரும்பச் சோதிக்க வசதி.

*ரெசல்யூஷன்:* பலன் அதிகம் கிடைக்கும் இடம். 1920-க்கு 1080 என்ற முழு அளவில், ஒவ்வொரு ஃபிரேமிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை வரைய வேண்டும். 1366-க்கு 768 என்றால் சுமார் பத்தரை லட்சம். வேலை கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. 14 இன்ச் திரையில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

*ரெண்டர் ஸ்கேல்:* இது இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தும் பட்டன்களும் தெளிவாகவே இருக்கும், போர்க்களப் படம் மட்டும் குறைந்த அளவில் வரையப்படும். 100-லிருந்து 80-க்கு இறக்கிப் பாருங்கள்.

*அதிநுட்பப் படத் தொகுப்பு:* 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 'என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பேக்' என்று ஓர் இலவசத் தொகுப்பு உண்டு. பெரிய 4கே திரைகளுக்கானது. இலவசம்தானே என்று பலர் இறக்கி வைத்துவிடுகிறார்கள். அது மெமரியை விழுங்கும். சாதாரண லேப்டாப்பில் எடுத்துவிடுங்கள்.

*ஆன்ட்டி-அலியாசிங், புளூம்:* முன்னது கோடுகளின் விளிம்பை மென்மையாக்குவது. பின்னது வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் போடுவது. இரண்டையும் நிறுத்தினால் ஆட்டத்தில் எதுவும் குறையாது.

*தண்ணீர், புகை:* அலைகளின் அசைவு, கட்டடம் இடியும் புழுதி போன்றவை கடல் போரில் கூடுதல் சுமை. முழுசாக நிறுத்த மனம் வராவிட்டால், கடைசியாகக் குறையுங்கள். திராவிடர் ஆட்டத்தின் அழகே கடல்தானே!

*நிழல்:* முப்பரிமாண கேம்களில், ரெசல்யூஷனுக்கு அடுத்தபடி அதிகச் சக்தியைக் குடிப்பது பெரும்பாலும் நிழல்தான். 'ஹை'யிலிருந்து 'லோ'வுக்கு மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

*டெக்ஸ்சர்:* சுவர், தரை, துணி இவற்றின் மேற்பரப்பு நுணுக்கம். இது வேகத்தைவிட மெமரியைத்தான் அதிகம் சார்ந்தது. மெமரி போதுமான அளவு இருந்தால் நடுத்தரத்திலேயே வைக்கலாம்.

*வி-சிங்க், ஃபிரேம் லிமிட்:* திரை புதுப்பிக்கும் நேரமும் படம் வரும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், படம் நடுவில் கிழிந்ததுபோலத் தெரியும். அதைச் சரி செய்வது வி-சிங்க். ஆனால், 60-ஐ எட்ட முடியாத லேப்டாப்பில் இது சில சமயம் திக்கலைக் கூட்டிவிடும். அப்போது வி-சிங்க்கை நிறுத்திவிட்டு, கேமில் ஃபிரேம் லிமிட் இருந்தால் 30 அல்லது 40 என்று வரம்பு போடுங்கள். படம் சீராகும், சூடும் குறையும், பேட்டரியும் நீடிக்கும்.

*மோஷன் பிளர், கேமரா ஷேக்:* முப்பரிமாண கேம் ஆடினால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. இந்த இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். பலருக்கு அதிலேயே குறையும்.

பிராசஸர்தான் திணறுகிறது என்றால், கேம் தொடங்கும் முன்பே எதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சின்ன மேப்பைத் தேர்ந்தெடுக்கலாம், ஆள் வரம்பை இறக்கலாம். ஆளுக்கு 200 பேர் என்று எட்டுப் பேர் ஆடினால், 1,600 வீரர்களை லேப்டாப் சுமக்க வேண்டும். நாலு பேர், ஆளுக்கு 100 என்றால் 400தான்.

உங்கள் திக்கல் நண்பனையும் பாதிக்கும்

இந்த கேமில் ஒரு விசேஷம் உண்டு. நண்பர்கள் சேர்ந்து ஆடும்போது, ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. எல்லோரும் ஒரே அடியில் நகர வேண்டும். ஒருவரின் லேப்டாப் பின்தங்கினால், மற்றவர்களும் நின்று வர வேண்டியதுதான். கும்பகோணத்தில் ஒருவன் புது மிஷின் வைத்திருந்தாலும், மன்னார்குடி நண்பனின் பழைய லேப்டாப் வேகத்தில்தான் போர் நடக்கும்.

இதனால்தான் தரவரிசைப் போட்டிகளில் நுழையும் முன், கேமே ஒரு 'பெஞ்ச்மார்க்' சோதனை வைக்கிறது. அதில் 1,000 மதிப்பெண் எடுக்க வேண்டும். தரவரிசையில் ஆட விருப்பமில்லாதவர்களும் இந்தச் சோதனையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். செட்டிங்ஸை மாற்றும் முன்பு ஒரு முறை, மாற்றிய பின்பு ஒரு முறை ஓட்டினால், எவ்வளவு முன்னேற்றம் என்று எண்ணிலேயே தெரிந்துவிடும்.

சூடும் தூசும் கரன்ட்டும்

டெல்டாவின் சித்திரை வெயிலில் மனிதர்களே துவண்டுபோகும்போது, லேப்டாப் மட்டும் என்ன செய்யும்? மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஆடினால், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். மேசை மீதோ பலகை மீதோ வையுங்கள். பின்பக்கம் மட்டும் ஒரு புத்தக உயரத்துக்குத் தூக்கி, துளைகளை மறைக்காமல் வைத்தால் காற்று நன்றாகப் போகும்.

அறுவடை நேரத்தில் களத்துத் தூசும் வைக்கோல் தூசும் வீட்டுக்குள் வராமல் இருக்காது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, காற்றுத் துளைகளை மென்மையான பிரஷ்ஷால் அவ்வப்போது துடையுங்கள். வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகி, ஃபேன் எப்போதும் இரைந்தால், சர்வீஸ் கடையில் கொடுத்து உள்ளே சுத்தம் செய்வது நல்லது.

கரன்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது விண்டோஸின் 'பவர் மோடு' பகுதியில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆடும் முன் பிரவுசரை மூடுங்கள். பின்னால் அப்டேட் எதுவும் இறங்குகிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, இன்டெல், ஏ.எம்.டி, என்விடியா தளங்களிலிருந்தோ மட்டும் புதுப்பியுங்கள்.

'பூஸ்டர்' வலையில் விழாதீர்கள்

'ஒரே கிளிக்கில் எஃப்.பி.எஸ் இரண்டு மடங்கு' என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர் மென்பொருள்கள் ஏராளம். இல்லாத சக்தியை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. பின்னால் ஓடும் சில புரோகிராம்களை மூடுவதுதான் பெரும்பாலும் அவை செய்யும் வேலை. அதை நாமே செய்துகொள்ளலாம்.

திருட்டு கேம் ஃபைல்கள் இன்னும் ஆபத்து. அவற்றோடு வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். இது அக்காவின் லேப்டாப் என்பதை மறக்கக் கூடாது. அவளுடைய புராஜெக்ட், செமஸ்டர் நோட்ஸ், அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறக்கும் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய், நெல் விற்ற பணத்தையே பறிகொடுக்கும் நிலை வரலாம்.

மொபைலிலும் இதே கணக்குதான்

போனில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' ஆடுபவர்களுக்கும் கல்லணைக் கணக்கு பொருந்தும். அதில் கிராபிக்ஸ், ஃபிரேம் ரேட் என இரண்டு தனித்தனி மதகுகள். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பலர் கிராபிக்ஸை 'ஸ்மூத்'தில் வைத்து, ஃபிரேம் ரேட்டைப் போன் தாங்கும் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். புல்லின் அழகைவிட, எதிரி ஓடுவது சீராகத் தெரிவதுதான் அவர்களுக்கு முக்கியம்.

சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். போன் சுட்டால் கவரைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் ஓய்வு கொடுங்கள். கேமுக்குள் இல்லாத செட்டிங்கைத் திறந்துவிடுவதாகச் சொல்லும் 'ஜி.எஃப்.எக்ஸ் டூல்' ஆப்கள் பக்கம் போகாதீர்கள். கேம் நிறுவனத்தின் விதிக்கு மாறான ஆப்களைப் பயன்படுத்தினால், கணக்கே முடக்கப்படலாம்.

எப்போது செலவு செய்யலாம்?

செட்டிங்ஸால் எல்லாமே தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் ஓடும். குறைந்தபட்சம் 4 ஜி.பி. ராம் கேட்கிறது. ஆனால், 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'சிவிலைசேஷன் 7' வேறு ரகம். அதிலும் சோழர்கள் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயங்களில் ஒன்றாகக் கட்டலாம். ஆனால், அதன் குறைந்தபட்சத் தேவையிலேயே தனி கிராபிக்ஸ் கார்டு இடம்பெற்றிருக்கிறது. அக்காவின் லேப்டாப் அதற்குப் போதாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

எனவே, எந்த கேமையும் வாங்கும் முன் 'குறைந்தபட்சத் தேவை' பட்டியலைப் படியுங்கள். 'ஸ்டீம்' கடையில் இன்னொரு வசதியும் உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரிய சண்டை ஒன்றைத் தொடங்கிப் பார்த்துவிட்டால், லேப்டாப் தாங்குமா தாங்காதா என்பது தெரிந்துவிடும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், வரிசை இதுதான். முதலில் ராம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், படம் வரைவதற்கான மெமரியும் ராமிலிருந்துதான் போகிறது. ஒரே ஒரு ராம் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், இரண்டாவதைப் போட்டதும் மெமரிக்குப் போகும் பாதை இரண்டாகிறது. ஒற்றை வாய்க்கால் இரட்டை வாய்க்கால் ஆன மாதிரி. எல்லா லேப்டாப்பிலும் ஸ்லாட் இருக்காது, கடையில் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். அடுத்தது, பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. எஃப்.பி.எஸ் பெரிதாக ஏறாது. ஆனால், கேம் திறக்கும் நேரம் குறையும், நடுவில் 'லோடிங்'குக்காக நின்று நின்று வருவதும் குறையும். அக்காவின் படிப்பு வேலைக்கும் அது உதவும். இந்த இரண்டும் போதாது என்ற பிறகுதான் புது லேப்டாப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த வீட்டுக்கே திரும்புவோம். பையன் சாயங்காலம் லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிறான். ரெசல்யூஷனை இறக்குகிறான், ஒளிவட்டத்தை நிறுத்துகிறான், பெரிய படத் தொகுப்பை அழிக்கிறான். சேவ் செய்து வைத்த கடல் போரை மறுபடி தொடங்குகிறான். கப்பல்கள் முன்பு போலப் பளபளப்பாக இல்லை. ஆனால் தாவவில்லை, மிதக்கின்றன. சொன்னதும் திரும்புகின்றன.

"இப்ப பரவால்லப்பா" என்கிறான்.

"அப்ப அந்த எழுபது மூட்டை?"

"அடுத்த சம்பாவுக்குப் பார்த்துக்கலாம்ப்பா."

அக்கா அறைக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்: "எட்டு மணிக்கு லேப்டாப் எனக்கு வேணும்டா. ரெக்கார்டு முடிக்கணும்!"